மேசையில் ஐந்து கிளாஸ்கள்

"உன்ரை பெட்டை ரீச்சராய் வந்தால், ஆர் தங்கடை பிள்ளையளை அவளிட்டைப் படிக்க விடுவினம் எண்டு நினைக்கிறாய்?"

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை மாதம், கொடிகாமத்துக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என் தகப்பனாரிடம் இப்படிக் கேட்டார். அவர் தன் வீட்டு விறாந்தையில் கதிரையில் இருந்தார். அப்பு (எங்கள் வீட்டில் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவோம்) தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். நான் வேலிப் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்த மனிதர் குரலை உயர்த்தினார் என்று நினைக்கிறேன்.

அப்பு பனை ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. அம்மாவுக்கும் அப்படித்தான். அண்ணை ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை வைத்துவிட்டு அப்புவுடன் மரத்தடிக்குப் போனவர். எங்கள் பரம்பரையில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். உயர்தரமும் சித்தியடைந்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை.

ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். இரண்டு நற்சான்றிதழ் வேண்டும். ஒன்றைப் படித்த பள்ளிக்கூடத்தில் தந்துவிட்டார்கள். மற்றது, ஊரில் எங்களை அறிந்த பொறுப்புள்ள ஒருவரிடம் வாங்க வேண்டும். ஊரில் பொறுப்புள்ளவர் என்றால் அந்த அதிபர்தான். அப்பு அவர் வளவுப் பனைகளையும் சீவுகிறவர். அந்த உரிமையில்தான் போய்க் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அதிபர் குரலை இறக்கி, "உன்ரை பொடியன் கப்பலாலை வந்து நிக்கிறானாம். ஏதோ வெளிநாட்டுச் சாமான் கொண்டுவந்தவனாம்" என்றார். அப்பு ஓம் என்றார். அதிபர், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தான் அந்தப் பக்கம் வருவதாகவும், வரும்போது கடதாசியை எழுதிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். அப்பு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வழிநெடுக எனக்குச் சைக்கிள் தரையில் ஓடுவதாகத் தெரியவில்லை. அந்த முதற் கேள்வியை அப்போதே மறந்துவிட்டேன். கடதாசி வரப்போகிறது, அது போதும்.

அந்த வெளிநாட்டுச் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணை இருபது வயதில் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்கட்டு உதவியாளாகப் போனவர். மூன்று வருடம் கழித்து முதல் தடவையாக வந்திருந்தார். அம்மாவுக்குச் சேலை, அப்புவுக்கு ஒரு சின்ன றேடியோ, எனக்கு மை ஊற்றி எழுதும் பேனா. அவற்றோடு ஒரு போத்தல் பேர்பன், அமெரிக்க விஸ்கி. அதைக் குடிக்கக் கொழும்பில் ஆறு கண்ணாடிக் கிளாஸ்களும் வாங்கியிருந்தார். சறத்தில் சுற்றிக் கொண்டுவந்தும் பஸ்ஸில் ஒன்று உடைந்து, வீடு வந்து சேர்ந்தது ஐந்து.

கப்பலில் நாலு பாஷை பேசப் பழகியிருந்தாலும் அண்ணைக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் தந்தார். வந்த முதல் நாள் பின்னேரம், மூன்று பேரும் சுற்றியிருக்க, நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அமெரிக்காவில் செய்தது. பெரும்பங்கு சோளம். உள்ளே நெருப்பால் கருக்கிய புது மரப்பீப்பாயில் வருடக்கணக்காக வைத்து எடுத்தது. அப்பு தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தொழில்காரன் கேட்கிற கேள்விகள் அவரிடமிருந்து வந்தன. சோளத்தை எப்படிப் புளிக்க வைக்கிறார்கள், பீப்பாய் என்ன மரம், ஏன் கருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

எப்படிக் குடிப்பது என்பதில் அண்ணைதான் வாத்தியார். கப்பலில் பெரிய இஞ்சினியர் எதுவும் கலக்காமல், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இருப்பாராம். வெயில் நாடுகளில் நிற்கும்போது ஐஸ் கட்டி போடுவார்களாம். இளம் பொடியன்கள் கோலா ஊற்றி, ருசியே தெரியாமல் குடித்துவிட்டுச் சத்தம் போடுவார்களாம். தடிமன் பிடித்தால் சுடுதண்ணீரும் தேசிக்காயும் சீனியும் விட்டுக் குடித்துவிட்டுப் படுப்பார்களாம். ஆனால் அண்ணை வேலை செய்த சமையற்கட்டின் தலைமைச் சமையற்காரன் சொல்லிக் கொடுத்தது வேறு. இரண்டு விரல் அளவு ஊற்றி, தேத்தண்ணிக் கரண்டியால் ஒரே ஒரு கரண்டி பச்சைத்தண்ணீர். அப்போதுதான் மணம் எழும்புமாம்.

அப்பு முதலில் எதுவும் கலக்காமல் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மணந்து பார்த்தார். "பனங்கட்டி காய்ச்சேக்கை சட்டி அடிப்பிடிச்சால் ஒரு மணம் வருமெல்லே, அது கிடக்கு" என்றார். அம்மாவும் மணந்து பார்த்து, ஓம், அதுதான் என்றார். அப்புவின் முன்னால் அண்ணை குடிப்பதில்லை. தன் கிளாஸை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் பின்னால் போய், ஒரு கரண்டியில் வாங்கி நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் எரிந்தது. எரிவு போனபிறகு ஒரு இனிப்பு நின்றது. அந்த இனிப்பு கனநேரம் போகவில்லை.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமையை.

அன்று காலையிலிருந்தே நான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நல்ல கதிரை வாங்கி வந்தேன். மேசைக்கு என் பழைய வெள்ளைப் பாவாடையை வெட்டித் தைத்த விரிப்பு. ஐந்து கிளாஸ்களையும் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடி கழுவி அடுக்கினேன். ஒரு செம்பில் தண்ணீர், ஒரு தட்டில் வறுத்த கடலை, அம்மா பொரித்த மீன். விண்ணப்பத்துக்கு முடிவு திகதி நெருங்கிவிட்டது. திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால்தான் சரி. எல்லாவற்றையும் உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன்.

நாலரை மணிபோல் அதிபர் சைக்கிளில் வந்தார். அவர் போட்டிருந்த மெல்லிய வெள்ளைச் சேர்ட்டின் பொக்கற்றில் நாலாக மடித்த கடதாசி தெரிந்தது. அதைக் கண்டபிறகு வேறு எதையும் என் கண் பார்க்கவில்லை. அவர் கதிரையில் இருந்தார். அப்பு நின்றார். அண்ணை போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அதிபர் நல்ல உற்சாகமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து மணந்தார். எத்தனை வருடத்துச் சரக்கு என்று விசாரித்தார். அண்ணை, இதை நாலைந்து விதமாகக் குடிக்கலாம் என்று தொடங்கி, இஞ்சினியரையும் கோலாப் பொடியன்களையும் சொல்லச் சொல்ல, அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கரண்டி தண்ணீர் விடும் முறையைச் சொல்லிவிட்டு அண்ணை செம்பை எடுத்தார். அதிபர் கையால் மறித்தார். தண்ணீர் வேண்டாமாம், அப்படியே குடிப்பாராம். அண்ணை ஒரு கிளாஸை எடுத்து அவர் முன்னால் வைத்துப் போத்தலைச் சரித்தார். அதையும் மறித்தார். அப்புவின் பக்கம் திரும்பி, ஒரு பகிடி சொல்கிறவர் போல,

"கிளாஸ் என்னத்துக்கு? ஒரு பிளா மடிச்சுத் தாவன். எனக்குப் பழகினது அதுதானே" என்றார்.

பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டும் குடுவை. எங்கள் பகுதியில் நீண்டகாலமாக இருந்த வழக்கம் இது. மற்றச் சாதிக்காரர் எங்களிடம் கள்ளுக் குடிக்க வந்தால் எங்கள் வீட்டு ஏனத்தைத் தொடமாட்டார்கள். பிளாவில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். குடித்து முடிந்ததும் எறிந்துவிட்டுப் போவார்கள். ஓலைக்குத் தீட்டு இல்லை. நாங்கள் இறக்கிய கள்ளுக்கும் தீட்டு இல்லை. எங்கள் கிளாசுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும்தான் தீட்டு. அவர் ஏன் தண்ணீர் விடாமல் குடிக்க விரும்பினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "உது புதுக் கிளாஸ், சேர். ஒருத்தரும் வாய் வைக்கேல்லை" என்றார். ஐந்தில் ஒன்று அப்படி இருந்தது உண்மைதான். அண்ணை தேடி எடுத்து வைத்தது அதைத்தான்.

"அதுக்கில்லையடா" என்று அதிபர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்புவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பு அசையவில்லை. வெளியே ஆடு கத்தியது. பொக்கற்றில் கடதாசி அப்படியே இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்தேன். வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் நின்ற வடலிப் பனையில் ஒரு இளம் ஓலையை வெட்டினேன். வடலி மட்டையின் கருக்கு, அரிவாள் பல் மாதிரி இருக்கும், அவசரத்தில் உள்ளங்கையைக் கிழித்தது. இரத்தத்தைத் துடைக்கவும் இல்லை. ஓலையைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் அப்புவிடம் நீட்டினேன்.

"மடியுங்கோ அப்பு" என்றேன்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பிளா மடித்ததில்லை. படிக்கிற பிள்ளை இந்த வேலை செய்யக்கூடாது என்று நானே சொல்லி அதை விட்டிருந்தேன். இப்போது அதே பிள்ளைதான் ஓலையோடு நின்றாள்.

அப்பு ஓலையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். ஓலையை வாங்கினார். மடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் இரண்டு அடி நடந்து போய் அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். பிறகு போத்தலை எடுத்து, அண்ணை வைத்த அந்தக் கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றி அதிபரின் பக்கம் தள்ளி வைத்தார்.

"பிளா கள்ளுக்கு, ஐயா. உது கிளாஸிலை குடிக்கிற சாமான். எங்களிட்டைக் கிளாஸ் இருக்கு."

குரலில் கோபமில்லை. சந்தையில் ஒரு சாமானைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். இன்னொரு கிளாஸை எடுத்துத் தனக்கும் ஊற்றினார். செம்பிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். மணந்தார். அந்த மனிதரின் முன்னால், நின்றபடியே, ஒரு வாய் குடித்தார். அதிபரின் முன்னால் அப்பு எதையாவது வாயில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதிபர் தன் கிளாஸைப் பார்த்தார். அவர் கை மேசை விளிம்புவரை வந்தது என்று நினைக்கிறேன், ஆனால் அதற்கு மேல் வரவில்லை. எழும்பினார். "கடதாசியை ஆறுதலாய்ப் பாப்பம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

குசினி வாசலில் நின்ற அம்மா வந்து, அவர் தொடாமல் விட்ட கிளாஸை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இருமினார். "உதுக்கோ உவ்வளவு பாடு?" என்றார். அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சிரிக்காமல் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த நேரத்தில் நான் அப்புவைப் பார்த்துச் சொன்னது இது.

"உங்கடை ரோசத்தாலை என்ரை வேலை போச்சு. ஒரு ஓலையை மடிச்சுக் குடுத்தால் உங்கடை கை போயிடுமோ?"

சொல்லும்போதே அண்ணை அடிக்கக் கை ஓங்கினார். அப்பு அவர் கையைப் பிடித்தார். என் உள்ளங்கையில் வைத்துக் கட்ட ஒரு துணியைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் மரத்துக்குப் போய்விட்டார். நான் அந்த உறையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு சான்றிதழோடு அனுப்பலாமா, அனுப்பினால் தூக்கி எறிந்துவிடுவார்களா என்று தெரியாமல், விண்ணப்ப அறிவித்தலை மறுபடி எடுத்து வாசித்தேன். கடைசிப் பந்தியில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், நற்சான்றிதழ்களை நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்கும்போது கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியதில்லை.

இரண்டு மூன்று தரம் வாசித்தேன். பிழையில்லை. அப்படித்தான் இருந்தது.

எங்கோ ஒரு நாட்டில் செய்த போத்தலின் எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்து வீட்டாருக்கு விளங்கப்படுத்தியவள், தன் விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியை ஒழுங்காக வாசிக்கவில்லை. எழுத்துத் தெரியாத அப்பு என் சொல்லை நம்பி அந்த முற்றத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி ஒரு அவசரமே இருக்கவில்லை. அவசரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். ஓலையை வெட்டியதும் நான்.

விண்ணப்பத்தை அன்றே அனுப்பினேன். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வர மாதங்கள் எடுத்தன. அதற்குள், அம்மா ஒருமுறை கடுமையாக வருத்தம் வந்து கிடந்த ஆஸ்பத்திரியில் எங்களோடு பழகிய ஒரு வைத்தியரிடம் போய்க் கேட்டேன். நின்ற நிலையிலேயே எழுதித் தந்தார். வேலை கிடைத்தது. இன்றைக்கு ஆறு வருடமாகப் படிப்பிக்கிறேன்.

வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் திரும்பக் கதைக்கவில்லை. அண்ணை லீவு முடிந்து கப்பலுக்குப் போனார். பிறகு போரில் பாதை அடைபட்டதால் அவரால் வர முடியவில்லை. மிச்சமிருந்த பேர்பனை அப்பு கனகாலம் வைத்திருந்தார். மாரியில் தடிமன் வந்தால் சுடுதண்ணீரில் கொஞ்சம் விட்டுக் குடிப்பார். குடிக்கும்போது என்னைக் கூப்பிட்டு மணக்கச் சொல்வார். மணந்து, அடிப்பிடித்த பனங்கட்டி என்பேன். கரண்டியைக் கேட்டு வாங்கி ஒரு சொட்டு நாக்கிலும் வைப்பேன். வேலைக்குப் போகும் பிள்ளை என்று அவர் ஒன்றும் சொல்வதில்லை. அவர் அருகில் இருந்து மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாய் எடுத்தேன். மணத்தைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறேன்.

அந்த அதிபர் காலமாகிவிட்டார். அவர்மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. அவர் அப்படித்தான் செய்வார் என்று ஊர் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது என்னைத்தான். ஒரு கடதாசியைக் கண்டால் என் கை எவ்வளவு வேகமாகக் கத்தியை எடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. இன்றும் அலுவலகங்களில் பெரிய மனிதர் யாராவது உள்ளே வந்தால் என் கால் தானாக எழும்பப் பார்க்கிறது. கதிரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு, எழும்ப வேண்டிய ஆள்தானா என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.

இதை எழுதி முடித்ததும் நேராக உங்கள் பத்திரிகைக்கு அனுப்பத்தான் இருந்தேன். ஆனால் அப்புவுக்குத் தெரியாமல் அவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது இன்னொரு ஓலை வெட்டுவது போலப் பட்டது. நேற்றுப் பின்னேரம் அவரை இருத்தி, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். நான் அவரைப் பார்த்துச் சொன்ன அந்த இரண்டு வரியும் வந்த இடத்திலும் நிறுத்தாமல் வாசித்தேன். "நான் சொன்னது பிழை, அப்பு" என்பதை மட்டும் கடதாசியைப் பார்க்காமல் சொன்னேன்.

அப்பு, "உதை எத்தினை பேர் வாசிப்பினம்?" என்று கேட்டார்.

கொஞ்சப் பேர் இல்லை, கனபேர் வாசிப்பார்கள் என்றேன்.

"அப்ப அனுப்பு" என்றார்.

உறையை ஒட்டி விலாசம் எழுதிவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்ததால் எனக்குச் சம்பளம் கிடைத்தது, ஊரில் ஒரு மரியாதையும் கிடைத்தது. அந்தப் படிப்பால் அப்புவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நேற்றுத்தான் எனக்கு ஒரு மறுமொழி கிடைத்தது: அவர் அன்று அந்தக் கிளாஸைத் தள்ளி வைத்ததை இனிக் கனபேர் வாசிப்பார்கள்.